ஆய்விதழ்களில் எழுத்துத் திருட்டு: கண்டுபிடித்த பின் செய்யவேண்டியது என்ன?

பிறர் பொருளைக் கவர்தல் குற்றம் என்பதை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பிறரின் உழைப்பால் விளைந்த எழுத்தையும் ஆய்வு முடிவையும் எடுத்துத் தம் பெயரில் வெளியிடுவதும் அத்தகைய குற்றமே. இதனைப் பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்க்கு முதலாம் வருடத்திலேயே போதிக்கின்றன. ஒப்படையிற் சில பந்திகளைப் பிரதிசெய்து அகப்பட்டுக்கொண்ட மாணவனுக்குப் புள்ளிகள் மறுக்கப்படுகின்றன. ஆனால் அதே குற்றம் கற்றறிந்தோர் எழுதி, கற்றறிந்தோர் மதிப்பிட்டு, கற்றறிந்தோரே படிக்கும் ஆய்விதழ்களில் நிகழும்போது பல வேளைகளில் மௌனமே பதிலாகின்றது. தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வதும், கட்டுரையைச் சத்தமின்றி அகற்றிவிடுவதும், காலம் கடந்தால் மறந்துபோகும் என விட்டுவிடுவதும் உலகெங்கும் நிகழ்ந்திருக்கின்றன.

எழுத்துத் திருட்டை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பது பற்றி இன்று நிறையவே பேசப்படுகின்றது. கண்டுபிடித்த பின்னர் ஓர் ஆய்விதழ் என்ன செய்யவேண்டும் என்பது பற்றிப் பேசப்படுவது குறைவு. ஆய்விதழொன்றின் நேர்மை உரைத்துப் பார்க்கப்படுவது இந்த இரண்டாவது கட்டத்திலேயே என்பதைக் கடந்தகால நிகழ்வுகள் தெளிவாக உணர்த்துகின்றன.

பாதிக்கப்படுவோர் யார்?

எங்கோ ஒரு பேராசிரியர் இன்னொருவரின் கட்டுரையைப் பிரதிசெய்தால் அதனால் எமக்கு நேரும் நட்டம் யாது எனச் சாதாரண வாசகர் கேட்கலாம். அதற்கான விடையை மருத்துவத்துறை தருகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஏற்படும் வாந்தியைத் தடுப்பதற்கு ஒன்டான்செட்ரோன் என்னும் மருந்து பயன்படுத்தப்படுகின்றது. இம்மருந்து பற்றி வெளிவந்த கட்டுரைகளைத் திரட்டி ஆராய்ந்த ஆய்வாளர்கள், ஒரே நோயாளரின் தரவுகள் வெவ்வேறு கட்டுரைகளில், முந்திய பிரசுரம் பற்றிய குறிப்பேதுமின்றி, புதியவை போல வெளியிடப்பட்டிருந்ததைக் கண்டனர். இவ்விரட்டைப் பிரசுரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் மருந்தின் பயன் 23 வீதம் மிகைப்படுத்தப்பட்டதாக அமையும் என 1997 ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னல்' இதழில் அவர்கள் எடுத்துக்காட்டினர். இங்கு பிறர் எழுத்துத் திருடப்பட்டது என்பதற்கில்லை. தம்முடையதையே மீண்டும் புதிதென விற்ற செயலே இது. எனினும் அதன் விளைவு, மருந்தை எழுதிக்கொடுக்கும் வைத்தியரையும் அதனை உட்கொள்ளும் நோயாளியையும் சென்றடைகின்றது.

ஏனைய துறைகளிலும் பாதிப்பு உண்டு. விரிவுரையாளர் நியமனத்திலும் பதவி உயர்விலும் ஆய்வுப் பிரசுரங்களுக்குப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. களவாடிய கட்டுரையொன்று பெறும் ஒவ்வொரு புள்ளியும் நேர்மையாக உழைத்த இன்னொருவரைப் பின்தள்ளுகின்றது. அவ்வாறு பின்தள்ளப்படுபவர் பெரும்பாலும் வயதிலும் பதவியிலும் இளையவராகவும், குரலெழுப்ப அஞ்சுபவராகவும் இருக்கிறார்.

ஓர் இளம் ஆய்வாளரின் முறைப்பாடு

இவ்விடயத்தில் இன்றும் பாடமாக எடுத்துக்கூறப்படும் நிகழ்வொன்று அமெரிக்காவில் இடம்பெற்றது. அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவகத்திற் பணியாற்றிய இளம் மருத்துவ ஆய்வாளர் ஹெலெனா வாக்ஸ்லிக்ட்-ரொட்பார்ட், 1978 நவம்பரில் 'நியூ இங்கிலன்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' இதழுக்குக் கட்டுரையொன்றை அனுப்பினார். உணவை மறுத்து உடல் மெலியும் அனொரெக்ஸியா நேர்வோசா என்னும் நோய்க்கு ஆளானோரின் குருதிக் கலங்களுடன் இன்சுலின் எவ்வாறு பிணைகின்றது என்பதே அதன் பொருள். ஆய்விதழ் அதனை மதிப்பீட்டுக்காக யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் பெலிக்கிடம் அனுப்பியது. அவர் அதனைத் தம் கீழ்ப் பணியாற்றிய உதவிப் பேராசிரியர் விஜய் சோமனிடம் கையளித்தார். சோமன் அதே விடயத்தில் ஈடுபட்டிருந்தவர். கட்டுரையை நிராகரிக்கலாம் என்ற சிபாரிசு யேலிலிருந்து சென்றது.

அடுத்த சில வாரங்களில், சோமனும் பெலிக்கும் அதே பொருளில் எழுதிய கட்டுரையொன்று 'அமெரிக்கன் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' என்ற வேறோர் இதழைச் சென்றடைந்தது. அவ்விதழ் அதனை மதிப்பிடுமாறு அனுப்பியதோ, வாக்ஸ்லிக்ட்-ரொட்பார்டின் ஆய்வுகூடத் தலைவரான ஜெஸ்ஸி ரொத்திடம். அவர் அதனைத் தம் இளம் ஆய்வாளரிடம் கொடுத்தார். தாம் எழுதிய வசனங்கள் சில சொல்லுக்குச் சொல் பிறர் பெயரில் தம் மேசைக்கே வந்து சேர்ந்திருப்பதை அவர் கண்டார்.

அதன் பின் நடந்தவையே நாம் ஊன்றி நோக்கவேண்டியவை. அவர் ஆய்விதழின் ஆசிரியருக்கு எழுத்துமூலம் முறையிட்டார். ரொத்தும் பெலிக்கும் இளமைக்கால நண்பர்கள். 1979 பெப்ரவரியில் இருவரும் சந்தித்து, யேல் கட்டுரையின் வெளியீட்டைத் தாமதப்படுத்துவது எனவும், அதில் முந்திய கட்டுரையைக் குறிப்பிடுவது எனவும் இணக்கம் கண்டனர். பிரதிசெய்யப்பட்ட பகுதி சிறிதே என்பதால் விடயம் முடிந்ததாகவே மூத்தவர்கள் கருதினர். இளம் ஆய்வாளர் இணங்கவில்லை. யேல் கட்டுரையின் தரவுகள் மெய்யானவைதாமா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அவர் யேல் மருத்துவபீடாதிபதிக்கும் எழுதினார். தம்மவர் அளித்த விளக்கமே பீடாதிபதிக்குப் போதுமானதாயிற்று.

சுயாதீனமான பரிசோதனை 1980 பெப்ரவரியிலேயே நடைபெற்றது. பொஸ்டனிலிருந்து சென்ற மருத்துவர் ஜெப்ரி ஃபிளையர் ஆய்வேடுகளைக் கேட்டபோது தரவுகள் பல இருக்கவில்லை. இருந்தவற்றிற் சில திரிக்கப்பட்டிருந்தன. சோமன் பதவி விலகினார். பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன. அப்போது கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உயர்பதவி ஏற்றிருந்த பெலிக்கும் அப்பதவியை இழந்தார். ஆனால் உண்மையை வெளிக்கொணர்ந்த அந்த இளம் ஆய்வாளர், விசாரணை நடைபெறுவதற்கு முன்னரேயே ஆய்வுத்துறையை விட்டு வைத்தியப் பணிக்குச் சென்றுவிட்டார்.

முறைப்பாட்டுக்கும் விசாரணைக்கும் இடையில் ஒரு வருடம் வீணாகியது. பிரதிசெய்யப்பட்ட சில வசனங்கள் வெளியே தெரிந்த நுனியே ஆகும். அவற்றின் பின்னால் இட்டுக்கட்டிய தரவுகள் மறைந்திருந்தன. 'சிறிய பிழைதானே' எனப் பெரியோர் தமக்குள் தீர்த்துக்கொண்டதனாலேயே பெரிய பிழை அத்தனை காலம் பாதுகாப்பாக இருந்தது.

இது பழங்கதை எனத் தள்ளிவிடவும் முடியாது. 2015 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டான்சிங்கர் 'அனல்ஸ் ஒஃப் இன்டேர்னல் மெடிசின்' இதழுக்கு அனுப்பி நிராகரிக்கப்பட்ட கட்டுரையை, அதனை மதிப்பிட்டவர்களுள் ஒருவர் நோயாளர் வேறு நாட்டவர் என மாற்றிப் பிறிதோர் இதழில் வெளியிட்டார். விடயம் தெரியவந்ததும் அது மீளப்பெறப்பட்டது. தம் கட்டுரையைத் திருடியவருக்கு, பெயர் கூறாது, டான்சிங்கர் எழுதிய பகிரங்கக் கடிதத்தை 2017 இல் 'அனல்ஸ்' இதழே வெளியிட்டது. முன்னைய நிகழ்வில் மூடப்பட்ட கதவு இங்கு திறந்தே வைக்கப்பட்டது எனலாம்.

பதிப்புரிமையும் எழுத்துத் திருட்டும்

இவ்விரண்டும் ஒன்றெனப் பலர் மயங்குகின்றனர். பதிப்புரிமை சட்டத்தின் பாற்பட்டது. எமது நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனை ஆள்கின்றது. ஒரு கருத்து எந்த வடிவில் எழுதப்பட்டதோ அவ்வடிவத்தையே சட்டம் பாதுகாக்கின்றது, கருத்தினை அன்று. அப்பாதுகாப்பும் ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகளுடன் முடிவடைகின்றது. எழுத்துத் திருட்டோ அறிவுலக ஒழுக்கத்தின் பாற்பட்டது. அதற்குக் கால எல்லை இல்லை. சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தார். அவரது 'யாழ் நூ'லை இன்று எவரும் மறுபதிப்புச் செய்யலாம். ஆனால் அதன் ஓர் அதிகாரத்தைத் தம் ஆய்வாக ஒருவர் ஆய்விதழில் வெளியிட்டால், சட்டம் வாளாவிருப்பினும் அது திருட்டே.

திருட்டிலும் தரவேறுபாடுகள் உண்டு. கட்டுரை முழுவதையும் கவர்தல், பிறர் தரவுகளைத் தம்முடையவை எனக் காட்டல், மூலத்தைக் குறிப்பிட்டும் மேற்கோட்குறி இடாது பந்திகளை எடுத்தாளல், தம் பழைய கட்டுரையையே புதிய தலைப்பில் வெளியிடல் என இவை விரியும். ஆங்கிலத்தில் எழுதிப் பழகாத இளம் ஆய்வாளர் செய்முறை விபரத்தை முன்னோர் வசனங்களிலேயே எழுதுவதற்கும், இன்னொருவரின் கண்டுபிடிப்பைக் கவர்வதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. முன்னதற்குத் திருத்தம் போதுமானது. பின்னதற்கு அது போதாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது பதிப்பாசிரியரின் முதற்கடமை.

இயந்திரம் சொல்வதும் சொல்லாததும்

2008 ஆம் ஆண்டு முதல், ஆய்விதழ்ப் பதிப்பகங்களின் கூட்டமைப்பான 'குரொஸ்ரெஃப்' ஒப்புமை காணும் மென்பொருட் சேவையைத் தன் உறுப்பினருக்கு வழங்கி வருகின்றது. கட்டுரை கிடைத்தவுடன் அதனைக் கோடிக்கணக்கான பக்கங்களுடன் ஒப்பிட்டு, எத்தனை வீதம் ஒத்திருக்கின்றது என அது காட்டும். இதனை முதலில் ஏற்றுக்கொண்ட சீன ஆய்விதழ்களில் ஒன்றான செஜியாங் பல்கலைக்கழக இதழின் ஆசிரியர், தமக்கு வந்த 2,233 கட்டுரைகளுள் 692 இல், அதாவது 31 வீதமானவற்றில், சொந்தமல்லாத பகுதிகள் காணப்பட்டதாக 2010 இல் அறிவித்தார். தம் இதழின் குறையைத் தாமே பகிரங்கப்படுத்திய அச்செயல் பாராட்டத்தக்கது.

ஆயினும் மென்பொருள் காண்பது ஒப்புமையை மாத்திரமே. திருட்டா அல்லவா எனத் தீர்ப்பளிக்க அதனால் இயலாது. உசாத்துணைப் பட்டியலும் துறைக்குரிய வழக்கமான தொடர்களும் சேர்ந்து ஒரு நேர்மையான கட்டுரைக்கு 30 வீதத்தைத் தந்துவிடலாம். மற்றொன்றில் 5 வீதமே காட்டப்படலாம். அந்த 5 வீதமே கட்டுரையின் உயிரான முடிவாகவும் இருக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் வெளியிட்ட ஒழுங்குவிதிகள் ஆய்வேடுகளுக்கு இத்தகைய படிநிலைகளை வகுத்தன. 10 வீதம் வரை தண்டனையில்லை. 40 வீதம் வரை திருத்திச் சமர்ப்பிக்க ஆறு மாதத்துக்கு மேற்படாத அவகாசம். 60 வீதம் வரை ஒரு வருடத் தடை. அதற்கு மேற்படின் பதிவு இரத்து. வரையறுத்த தண்டனை இருப்பது நன்று. எனினும் எண்ணிக்கையையே நீதிபதியாக்கினால், சொற்களை மாற்றி எண்ணிக்கையைக் குறைக்கும் வித்தையே வளரும்.

அவ்வித்தை ஏற்கெனவே வளர்ந்துவிட்டது. சொற்களுக்குப் பதிலாக ஒத்த பொருட் சொற்களை இட்டுத்தரும் மென்பொருள்களைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரைகளை, பிரான்ஸ் நாட்டின் கியோம் கபனாக்கும் அவரது சகாக்களும் 2021 இல் அம்பலப்படுத்தினர். ஆங்கிலத்தில் 'செயற்கை நுண்ணறிவு' எனப் பொருள்படும் கலைச்சொல் 'போலிப் பிரக்ஞை' எனவும், 'மார்பகப் புற்றுநோய்' என்பது 'நெஞ்சு ஆபத்து' எனவும் பொருள்படும் விசித்திரத் தொடர்களாக அக்கட்டுரைகளில் மாறியிருந்தன. இயந்திரம் தவறவிட்ட இதனைத் துறையறிந்த எவரும் ஒருமுறை படித்திருந்தாலே பிடித்திருக்கலாம். மதிப்பீட்டாளர் படிக்கவில்லை என்பதே அதன் பொருள். இன்று செயற்கை நுண்ணறிவு முழுக் கட்டுரையையுமே எழுதித் தரும் நிலையில், படிக்கும் மனிதரின் தேவை குறையவில்லை, கூடியிருக்கின்றது.

தமிழ் ஆய்விதழ்களின் நிலை

தமிழில் வெளிவரும் ஆய்விதழ்களுக்கு இவ்வியந்திரக் காவலும் முழுமையாகக் கிட்டுவதில்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்ட கட்டுரை எமது கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவையே. அதே கட்டுரையை ஒருவர் யுனிகோட் முறையில் எழுதி அனுப்பினால் இரண்டும் ஒன்றெனச் சாதாரண மென்பொருள் உணராது. 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் இணையத்தளத்தின் சேகரம் அரியது. ஆனால் பக்கங்களின் படிமங்களாக இருப்பவற்றை, அவை எழுத்துகளாக மாற்றப்படும்வரை, ஒப்பிட முடியாது. ஆங்கில நூலொன்றின் அதிகாரத்தைத் தமிழாக்கித் தம் பெயரில் வெளியிடுவோரைப் பிடிப்பது இன்னும் கடினம்.

ஆகவே தமிழ் ஆய்விதழுக்குப் பரந்த வாசிப்புடைய மதிப்பீட்டாளரே முதற்காவல். பழைய இதழ்களை யுனிகோட்டில் இணையமேற்றுவதும், கட்டுரை வேறெங்கும் வெளிவராதது என ஆசிரியரிடம் கையொப்பமிட்ட உறுதிமொழி பெறுவதும், மதிப்பீட்டுக்கு வந்த பிரதியை எவரிடமும் கையளிக்கலாகாது என்ற விதியை எழுதி வைப்பதும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடியவை.

நீதியான நடைமுறை

சந்தேகம் எழுந்த பின் செய்யவேண்டியவற்றை வகுத்துத் தருவது, 1997 இல் பிரித்தானிய மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்கள் சிலரால் தொடங்கப்பட்ட பிரசுர ஒழுக்கநெறிக் குழுவாகும். 'கோப்' என்பது அதன் சுருக்கப் பெயர். எமது பாராளுமன்றத்தின் கோப் குழுவுடன் இதனை மயங்கலாகாது. அது வகுத்த படிமுறை எளிமையானது.

முதலில் மூலத்தையும் பிரதியையும் அருகருகே வைத்து, ஒத்த பகுதிகளைக் குறித்து ஆவணப்படுத்த வேண்டும். அடுத்து, அந்த ஆவணத்தை இணைத்துக் கட்டுரையாளரிடம் எழுத்தில் விளக்கம் கோரவேண்டும். அக்கடிதத்தின் தொனி குற்றஞ்சாட்டுவதாக அமையலாகாது. பதில் இல்லையெனின் இணை ஆசிரியர்களுக்கும், பின் அவர் பணியாற்றும் நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். நிறுவனமும் மௌனம் சாதித்தால் விட்டுவிடாது மீண்டும் மீண்டும் எழுத வேண்டும். விளக்கம் ஏற்கத்தக்கதாயின் திருத்தத்துடன் விடயம் முடியலாம். திருட்டு உறுதியாயின், வெளிவராத கட்டுரை நிராகரிக்கப்பட வேண்டும். வெளிவந்த கட்டுரை மீளப்பெறப்பட வேண்டும். முறையிட்டவருக்கும் உரிமையிழந்தவருக்கும் முடிவு அறிவிக்கப்பட வேண்டும்.

இப்படிமுறையின் சிறப்பு, அது இரு தரப்பையும் காப்பதில் உள்ளது. பொய் முறைப்பாட்டினால் ஒருவரின் பெயர் கெடுவதும் அநியாயமே. ஆதாரத்தைக் காட்டி விளக்கம் கேட்கும் வழக்கம் நிலைபெற்றால் வதந்திக்கு இடமில்லாது போகும். விசாரிக்கும் பொறுப்பு ஆய்விதழினுடையதன்று, பல்கலைக்கழகத்தினுடையது என்பதும் இங்கு கவனத்துக்குரியது. பதிப்பாசிரியரால் ஆய்வுகூடத்துக்குட் சென்று ஏடுகளைப் பார்க்க முடியாது. ஆனால் பார்க்குமாறு பல்கலைக்கழகத்தை வற்புறுத்த அவரால் முடியும். யேல் நிகழ்வில் தவறியது இதுவே.

மீளப்பெறுதல் என்பது கட்டுரையை அழித்துவிடுவதன்று. கட்டுரை இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். மீளப்பெறப்பட்டது என்ற குறி அதன்மேற் பொறிக்கப்பட வேண்டும். யார், எக்காரணத்தால் மீளப்பெற்றார் என்ற அறிவித்தல் கட்டணமின்றி எவரும் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும். சத்தமின்றி அகற்றினால், அதனை ஏற்கெனவே மேற்கோள் காட்டியவர் உண்மையை அறியமாட்டார். திருடியவர் வேறோர் இதழுக்கு அதையே அனுப்புவார்.

நடைமுறை எத்தனை தூரம் பின்தங்கியிருந்தது என்பதை 2009 இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. டெக்சாஸ் ஆய்வாளர்கள் மருத்துவக் கட்டுரைகளில் திருட்டெனச் சந்தேகிக்கத்தக்க 212 சோடிகளைக் கணினிமூலம் இனங்கண்டனர். அவற்றின் எழுத்து சராசரியாக 86 வீதம் ஒத்திருந்தது. மூலக் கட்டுரையைக் குறிப்பிட்டவை 47 மாத்திரமே. ஆய்வாளர்கள் சம்பந்தப்பட்டோருக்கும் இதழாசிரியர்களுக்கும் எழுதிய பின்னரே 83 விசாரணைகள் ஆரம்பமாயின. அவற்றுள் 46 மீளப்பெறுதலில் முடிந்தன. ஒரு கடிதம் எழுதப்படும்வரை அவை யாவும் நூலகங்களில் நல்ல கட்டுரைகளாகவே இருந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

எமது மரபு கூறுவது

கடன்பட்டதை ஒப்புக்கொள்வது மேனாட்டார் எமக்குக் கற்பித்த வழக்கம் எனக் கூறுவோர் உளர். தமிழ் இலக்கண மரபு முதனூல், வழிநூல் என வேறுபடுத்தியே நூல்களைக் கண்டது. வழிநூல் செய்தல் இழிவாகக் கருதப்படவில்லை. வழிநூலை முதனூலெனக் காட்டுவதற்கே இடமிருக்கவில்லை. தொல்காப்பியர் தமக்கு முன்னோர் கூறியதை 'என்ப' என்ற ஒரு சொல்லால் உணர்த்திச் சென்றார். உரையாசிரியர்கள் தாம் மறுக்கும் கருத்தைக்கூடப் பிறர் கருத்தென அடையாளங்காட்டியே மறுத்தனர்.

இம்மரபுக்கு உரியவர்களாகிய நாம் செய்யவேண்டியது அதிகமில்லை. எமது பல்கலைக்கழகங்கள் வெளியிடும் ஒவ்வோர் ஆய்விதழும் எழுத்துத் திருட்டுப் பற்றிய தன் விதியை முதற்பக்கங்களிலேயே அச்சிட வேண்டும். முறைப்பாட்டை யாரிடம் அளிப்பது, எத்தனை நாட்களுக்குட் பதில் கிடைக்கும் என்பன அதில் இருக்கவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் நண்பரோ மேலதிகாரியோ விசாரணையில் அமரலாகாது. முறையிட்டவர் மாணவராயினும் அவரது எதிர்காலம் பாதிக்கப்படாது என்ற உறுதி வழங்கப்பட வேண்டும். பதவி உயர்வுக் குழுக்கள் கட்டுரைகளை எண்ணுவதுடன் நில்லாது அவற்றுட் சிலவற்றையேனும் படிக்க வேண்டும்.

திருட்டு நிகழாத அறிவுலகம் எங்கும் இருந்ததில்லை, இனியும் இருக்கப்போவதில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்ததெனப் பதிவுசெய்யும் துணிவுள்ள ஆய்விதழையே வாசகர் நம்புவர். மீளப்பெறுதல் அறிவித்தலொன்றை வெளியிடுவது ஓர் இதழுக்கு அவமானமாகாது. உண்மை தெரிந்தும் அதனை வெளியிடாதிருப்பதே அவமானம்.